அப்பாவுக்கு விழித்திரை ஆபரேஷன், தையலே போட மாட்டாங்களாம், நம்பி விடலாமுங்களா?

மஞ்சக்காட்டான்:

வணக்கமுங்க எல்லாருக்கும். எங்களுக்கு கோபி பக்கம் தோட்டம், நான் திருப்பூர்ல வேலையா இருக்கறேன். அப்பாவுக்கு 63 வயசு, சுகர் ரொம்ப வருசமா இருக்குதுங்க, மாத்திரை தவறாம போடுவாரு ஆனா வாயைக் கட்ட மாட்டாரு, நோம்பின்னா கச்சாயம் சாப்படாம விடவே மாட்டாரு. ரெண்டு மாசம் முன்னால காட்டுல தண்ணி கட்டிட்டு இருக்கும்போது வலது கண்ணுல திடீர்னு கருப்பா நூல் நூலா எறங்கிருக்குது, அப்புறம் பொழுதோட பாத்தா அந்தக் கண்ணே மறைச்சுப் போச்சு. கோயமுத்தூர்ல காட்டுனோம். சுகர்னால உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குது, தானா கரையுதான்னு பாப்போம்னாங்க, கரையல. இப்ப ஸ்கேன் பாத்துட்டு உள்ள சவ்வு மாதிரி வளந்து விழித்திரையைப் புடிச்சு இழுக்குது, விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்லை வெட்டி எடுக்கற ஆபரேஷன், பண்ணியாகணும்னு சொல்லிட்டாங்க.

என்ற சந்தேகம் இதுதானுங்க. டாக்டர் 25 கேஜ்ல (ஓட்டையோட அளவாம்) பண்றோம், மூணு ஓட்டை, தையல் கெடையாதுன்னாரு. எங்க பெரியப்பாவுக்கு முன்னால இதே ஆபரேஷன் பண்ணப்ப தையல் போட்டாங்க, கண்ணு செவந்து வீங்கி முள்ளு குத்தற மாதிரி இருக்குதுன்னு மனுசன் தூங்கவே இல்ல. அது இல்லாதது நல்லதுதான், ஆனா கண்ணுக்குள்ள தண்ணி நெறைஞ்சு இருக்குது, அதுல மூணு ஓட்டையைப் போட்டுட்டு அப்படியே விட்டா ஒழுகிப் போவாதுங்களா? கிருமி உள்ள போவாதா? இல்ல சீக்கிரம் முடிச்சு அனுப்பறதுக்காக இப்படி பண்றாங்களா? வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இன்னொண்ணு, ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாளே அப்பாவை என்ற தங்கச்சி கோத்தகிரிக்கு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு இருக்குது, அங்க குளுகுளுன்னு இருக்கும் தூசி இருக்காதுன்னு. தோட்டத்துச் சாளைல இருந்தா கட்டுத்தரைப் பக்கம் போவாம இருக்க மாட்டாருங்க. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பவானி பொன்ஸ்:

தம்பி நானே ரெண்டும் பாத்தவ. எனக்கும் சுகர்தான். இடது கண்ணுக்கு பழைய முறைல, வலது கண்ணுக்கு பல வருசம் கழிச்சு இந்த தையல் இல்லாத முறைல. வித்தியாசம் சொல்லணும்னா மொத தடவை கட்டு அவுத்தப்ப கண்ணாடில பாத்து பயந்துட்டேன், வெள்ளை முழியே தெரியல, அத்தனையும் செவப்பு, தையல் கரையற வரைக்கும் கண்ணை சிமிட்டுனாலே உறுத்தும், பேசறதுக்கே எரிச்சலா இருக்கும். ரெண்டாவது தடவை கட்டு அவுத்தப்ப மூணு எடத்துல சின்னதா ரத்தப் பொட்டு, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ணுன மாதிரியே இல்லைன்னு வந்தவங்கல்லாம் சொன்னாங்க. அதுலயும் ஒரு வம்பு இருக்குது, வெளிய ஒண்ணும் தெரியலைன்னதும் வீட்ல இருக்கறவங்களுக்கு நாம நல்லா ஆயிட்ட மாதிரி தோணிரும், வெங்காயம் உரின்னு சொல்லிருவாங்க. உள்ள பண்ணுன வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆறறதுக்கும் நாள் ஆகத்தான் செய்யும்.

இன்னும் ஒண்ணு சொல்றேன் அப்பாகிட்ட முன்னாலயே சொல்லி வெச்சிருங்க, கண்ணைச் சுத்தி மரத்துப்போற ஊசிதான் போடுவாங்க, முழிச்சுட்டுதான் இருப்போம். வலி தெரியல ஆனா உள்ள என்னமோ நிழல் அங்கயும் இங்கயும் போறது எனக்குத் தெரிஞ்சுது. யாரும் சொல்லாததுனால நான் பதறிட்டேன், தலையை அசைக்காதீங்கம்மான்னு அந்த டாக்டர் சத்தம் போட்டாரு பாவம்.

எதுக்கும் கேப்போம்:

எல்லாரும் நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கு முன்னால மறுபக்கத்தையும் பாக்கணும். தையல் இல்லாத 25 கேஜ் வந்த புதுசுல கண்ணுக்குள்ள சீழ் புடிக்கறது எச்சா இருந்துச்சு. 2007ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆய்வுல 20 கேஜ்ல 0.018 சதவீதம், 25 கேஜ்ல 0.23 சதவீதம், அதாவது பன்னெண்டு மடங்குக்கு மேல. நான் சும்மா வாட்ஸப்புல வந்ததைச் சொல்லல. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நேரம் மிச்சம், ஒரு நாளைக்கு நாலு கேஸ் பண்ற எடத்துல ஆறு பண்ணலாம். அதனால தம்பி கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான், டாக்டர்கிட்ட நேரடியாவே கேக்கணும்.

தியேட்டர் சிஸ்டர்:

கண் ஆஸ்பத்திரி தியேட்டர்ல நிக்கறவ நானு, கண்ணுல பாக்கறதைச் சொல்றேன்.

25 கேஜ்னா ஓட்டை அரை மில்லிமீட்டர். பெரியப்பாவுக்கு பண்ணுனது 20 கேஜா இருக்கும், அது 0.9 மில்லிமீட்டர். நெறைய பேரு நம்பர் பெருசானா ஓட்டையும் பெருசுன்னு நெனச்சுக்கறாங்க, தலைகீழுங்க, 23ன்னா 0.6, 27ன்னா 0.4. பழைய முறைல மொதல்ல வெள்ளை முழி மேல இருக்கற மெல்லிசு தோலை கத்திரில வெட்டி ஒதுக்கிட்டு அப்புறம் ஓட்டை போட்டு, கடைசில ஒவ்வொண்ணையும் தைச்சு, அந்தத் தோலையும் இழுத்து தைக்கணும். செவப்பு, உறுத்தல் எல்லாம் பாதி அதனாலதான்.

இப்ப அப்படி இல்ல. டாக்டர் மொதல்ல ஒரு பஞ்சுக் குச்சியாலயோ ஃபோர்செப்ஸாலயோ அந்தத் தோலை ஒரு ரெண்டு மில்லிமீட்டர் பக்கமா நகத்திப் புடிச்சுக்குவாரு. காலிப்பர்ங்கற அளவு கருவியை வெச்சு கருவிழி ஓரத்துல இருந்து அளப்பாரு, கண்புரை ஆபரேஷன் ஆகி லென்ஸ் வெச்சிருந்தா மூணரை மில்லி, சொந்த லென்ஸ் இருந்தா நாலு மில்லி. அந்த எடத்துல உள்ள விழித்திரை கெடையாது, அதனாலதான் அங்க. அப்புறம் ட்ரோகாரை, அதாவது மேல குழாய் மாட்டுன கூரான ஊசியை, நேரா குத்தாம சாய்ச்சு படுக்க வெச்ச மாதிரி உள்ள விட்டு, பாதில நிமித்தி எறக்குவாரு. ட்ரோகாரை உருவுனா சின்ன குழாய் மட்டும் நின்னுக்கும். அதுல ஒண்ணு வழியா தண்ணி, ஒண்ணு வழியா லைட், ஒண்ணு வழியா கட்டர். முடிச்சு குழாயை உருவுன ஒடனே தோலை விட்டா அது பழைய எடத்துக்கு வந்துரும், மேல இருக்கற ஓட்டையும் கீழ இருக்கற ஓட்டையும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு நிக்காது.

அதுக்கப்புறம் ஒரு நிமிசம் பஞ்சுக்குச்சியால அமுக்கிப் புடிப்பாரு. எடுத்துட்டு பாப்பாரு, தோல் உப்பலா எழும்புச்சுன்னா ஒழுகுதுன்னு அர்த்தம். நாங்க தையல் நூலை பிரிக்காம பக்கத்துலயே வெச்சிருப்போம், ஒழுகுச்சுன்னா பிரிச்சுக் குடுப்போம், ஒரு தையல் போட்டுருவாரு. அவசரத்துக்கு தையலை விட்டுட்டு போறதுன்னு நான் பாத்த எடத்துல கெடையாது.

ரெட்டினா பையன்:

ரெட்டினா, அதாவது விழித்திரை வைத்தியம் படிச்சுட்டு இருக்கறவன், அந்தப் புள்ளிவிவரம் போட்ட அண்ணாவுக்கு மொதல்ல பதில். நீங்க சொன்ன நம்பர் சரிங்ணா, அந்த ஆய்வு உண்மைதான். ஆனா அது எந்தக் காலத்து ஆபரேஷன்னு பாக்கணும். 1970 வாக்குல மியாமில மாக்கெமர்ங்கற டாக்டர் இந்த ஆபரேஷனைத் தொடங்குனப்ப 17 கேஜ், ஒரே ஓட்டை, அதுலயே எல்லாம். 70கள்ல நடுவுலதான் மூணு ஓட்டை 20 கேஜ் வந்துச்சு, அதுதான் முப்பது வருசத்துக்கு கிட்ட ஓடுச்சு. 2002ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஃபுஜி, டி யுவான் குழு 25 கேஜ் கொண்டாந்தாங்க. அப்ப பல பேரு ட்ரோகாரை நேரா குத்துனாங்க. நேரா போட்ட ஓட்டை அரை மில்லியா இருந்தாலும் வாயைத் தொறந்துட்டுதான் இருக்கும், பிரஷர் எறங்கும், எறங்குன கண்ணு வெளிய இருக்கற தண்ணியை உள்ள உறிஞ்சும், இமை மேல இருக்கற கிருமி அதோட போகும். 2005ல ஃப்ராங்க்ஃபர்ட்ல எக்கார்ட் 23 கேஜ் கொண்டாந்தப்பவே சாய்ச்சு சுரங்கம் மாதிரி போடறதுதான் முறைன்னு வந்துச்சு. அப்புறம் எல்லாரும் சாய்ச்சுதான் போடறோம், போவிடோன் அயோடின்ங்கற கிருமி கொல்லற மருந்து போட்டு கண்ணை கழுவறதும் கறாரா ஆயிருச்சு. அதுக்கப்புறம் வந்த பெரிய ஆய்வுகள்ல தையல் போட்டதுக்கும் போடாததுக்கும் சீழ் புடிக்கறதுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல.

மஞ்சக்காட்டு அண்ணா, ஒழுகாதான்னு கேட்டீங்க. உங்க கெணத்துல மோட்டார் பைப்புக்கு அடில ஃபுட்வால்வு இருக்குமில்ல, மேல நிக்கற தண்ணியோட எடைதானே அந்த மூடியை அமுக்கி மூடுது. சாய்ச்சுப் போட்ட ஓட்டையும் அப்படித்தான், கண்ணுக்குள்ள இருக்கற பிரஷர் உள்பக்க ஓரத்தை வெளிப்பக்கத்தோட சேத்து அமுக்கும். பிரஷர் நல்லா இருந்தா மூடிக்கும், பிரஷர் சுத்தமா எறங்கிப்போனாதான் தொந்தரவு. அதனாலதான் முடிக்கும்போது கண்ணை விரல்ல தொட்டு, இல்லன்னா கருவியால பிரஷர் பாத்துட்டுதான் விடுவாங்க, அடுத்த நாள் காலைல மறுபடி பாப்பாங்க. சாதாரணமா பாதரச மில்லிமீட்டர் கணக்குல 10ல இருந்து 21க்குள்ள இருக்கணும். மொத நாள் கொஞ்சம் கம்மியா இருந்து ரெண்டு மூணு நாள்ல சரியாகறது உண்டு, 5க்கும் கீழ போயி அங்கயே நின்னாதான் கவலைப்படணும்.

இப்ப முக்கியமானது. நீங்க பேச்சோட பேச்சா கோத்தகிரின்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு தையலை விட அதுதான் திக்குன்னு இருந்துச்சு. ஆபரேஷன் முடிவுல கண்ணுக்குள்ள என்ன நெரப்பறாங்கன்னு கேட்டீங்களா? வெறும் ரத்தம் மட்டும் எடுத்தாங்கன்னா தண்ணியோட விட்டுருவாங்க. சவ்வு இழுக்குதுன்னு சொல்றாங்க, அதை உரிக்கும்போது ஓட்டை ஏதாச்சும் விழுந்தா, இல்ல விழித்திரை பிரிஞ்சிருந்தா காத்து, கேஸ், இல்லன்னா சிலிக்கான் ஆயில் நெரப்புவாங்க. கேஸ் நெரப்புனா மலை ஏறவே கூடாதுங்ணா. ஏரோப்ளேனும் கூடாது. எஸ்எஃப்6ங்கற கேஸுன்னா ரெண்டு வாரம் கிட்ட இருக்கும், சி3எஃப்8ங்கற கேஸுன்னா ஆறு எட்டு வாரம் கூட இருக்கும், வெறும் காத்துன்னா ஒரு வாரத்துல கரைஞ்சிரும்.

ஏன்னு கேட்டா, மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சில்லரை, ஊட்டி 2240 மீட்டர். மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் கொறையும், உள்ள இருக்கற கேஸ் விரிஞ்சு கால் பங்கு பெருசாகப் பாக்கும். கண்ணுக்குள்ள மொத்த எடமே 4 மில்லிலிட்டர்தான், விரிய எடமில்ல, அப்ப பிரஷர் சர்ருன்னு ஏறும். ரெண்டு மணி நேர மலைப்பாதைல கண்ணுக்குப் போற ரத்த ஓட்டமே நின்னு பார்வை போனவங்க கதை எல்லாம் புஸ்தகத்துலயே இருக்குது. கோத்தகிரி ஊட்டியை விட கொஞ்சம் கீழதான், அதுக்காக பரவால்லன்னு நெனைக்காதீங்க. பஸ்ஸுல போனாலும் கார்ல மெதுவாப் போனாலும் ஒண்ணுதான். வால்பாறை, ஏற்காடு, கொடைக்கானல் எதுவும் வேண்டாம். ஆயில் நெரப்புனா விரியாது, ஆனா அதையும் டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க.

கேஸ் இருக்கற வரைக்கும் வேற எந்த ஆபரேஷனுக்கும் மயக்க மருந்து குடுக்கணும்னா கண்ணுல கேஸ் இருக்குதுன்னு சொல்லியே ஆகணும், நைட்ரஸ் ஆக்ஸைடுங்கற மயக்க வாயு குடுத்தாலும் இதே கதைதான். பல எடத்துல கைல ஒரு பட்டை கட்டி விடுவாங்க, கேஸ் போற வரைக்கும் அதைக் கழட்டக் கூடாது.

எதுக்கும் கேப்போம்:

சரி தம்பி, ஒத்துக்கறேன், சாய்ச்சுப் போடறதுக்கு அப்புறம் வந்த ஆய்வையும் பாக்கறேன். ஆனா ஒரு கேள்வி. எல்லாமே தானா மூடிக்கும்னா அப்புறம் எதுக்கு சில பேருக்கு மட்டும் தையல் போடறாங்க? தையல் இல்லைன்னு சொல்லிட்டு போட்டு அனுப்புனா அங்க ஏதோ தப்பு ஆயிருச்சுன்னுதானே அர்த்தம்?

ரெட்டினா பையன்:

இல்லீங்ணா. மூடலன்னா போடறதுதான் சரியான வேலை. ஆயில் நெரப்புனா அது ஓட்டை வழியா தோலுக்கு அடில வந்து நிக்கக் கூடாதுன்னு நெறைய பேரு போட்டுருவாங்க. கொழந்தைகளுக்கு வெள்ளை முழியே நெகிழ்வா இருக்கும், அழும், கசக்கும், அதனால போடுவோம். முன்னால ஆபரேஷன் ஆன எடத்துலயே மறுபடி போட்டா மூடாது. ரொம்ப நேரம் ஆகி கருவிகளை உள்ள வெளிய எடுத்து எடுத்து வெச்சா ஓட்டை கொஞ்சம் அகலமாயிரும். அதெல்லாம் டாக்டர் குழாயை உருவுன பின்னாலதான் தெரியும். 8-0 விக்ரில்னு ஒரு நூல், முடியை விட மெல்லிசு, தானா கரைஞ்சிரும், பிரிக்க வேண்டியதில்ல. எங்க சார் ஒருத்தரு சொல்லுவாரு, தையல் போடாம முடிச்சேன்னு பெருமைக்கு ஒழுகற கண்ணை அனுப்பறவன் கையில சர்ஜரி குடுக்காதேன்னு. அதனால முடிஞ்சு வந்து ஒரு தையல் இருக்குதுன்னு சொன்னாங்கன்னா சண்டைக்குப் போயிராதீங்க.

மஞ்சக்காட்டான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெட்டினா பையன் சொன்னதைப் படிச்சதும் ஒடனே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். கவுன்சிலர் மேடம் டாக்டரைக் கேட்டு சொன்னாங்க, உள்ள போயி பாத்தாதான் தெரியும், கேஸ் வைக்க வாய்ப்பு இருக்குது, மலைக்கு கூட்டிட்டுப் போறது கூடவே கூடாதுன்னு. இதை அவங்களா மொதல்லயே சொல்லிருக்கலாம், டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருக்கும்னு சொல்றாங்க, டிஸ்சார்ஜ் ஆன பொறவு படிச்சு என்ன பண்றது, அதுக்குள்ள தங்கச்சி கார் எடுத்துட்டு வந்து நின்னிருக்கும். இப்ப அதையே கீழ வரச்சொல்லிட்டேன். ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால கண்ணுக்குள்ள ஒரு ஊசி போடணும்னும் சொல்றாங்க, அது எதுக்குங்க? வீட்ல பாத்துக்கறதுல என்னென்ன கவனமா இருக்கணும்? குனிஞ்சே படுக்கணும்னு ஒறம்பரை ஒருத்தரு சொல்றாங்க.

தியேட்டர் சிஸ்டர்:

அந்த ஊசி புதுசா மொளைச்ச ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கறதுக்குங்க, சவ்வு உரிக்கும்போது ரத்தம் கம்மியா வரும். ஊசி போட்டுட்டு தேதியைத் தள்ளிப் போடாதீங்க, சுருங்கும்போது சவ்வு இன்னும் இழுக்கலாம், அதனாலதான் நாள் கணக்கு வெச்சு சொல்றாங்க.

குனிஞ்சு படுக்கறது கேஸோ ஆயிலோ வெச்சாதான், அதுவும் எத்தனை நாள், எந்தப் பக்கம்னு டாக்டர் சொல்றபடி. கேஸ் மேல பாத்துதான் மெதக்கும், விழித்திரை முழிக்குப் பின்னால இருக்குது, அதனாலதான் மொகத்தைக் கீழ வெக்கச் சொல்றது. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இதுதான் கஷ்டம், கயித்துக் கட்டல்ல குப்புறப் படுத்தா மூச்சு முட்டுதும்பாங்க. கட்டலுக்கு வெளிய தலையை நீட்டி நெத்திக்கு ஒரு ஸ்டூல்ல தலகாணி வெச்சுப் பாருங்க, உக்காந்துட்டு மேஜைல நெத்தியை வெச்சாலும் சரிதான், மணிக்கு பத்து நிமிசம் எந்திரிச்சு நடக்கலாம்.

தையல் இல்லாததுனால கண்ணை கசக்கறதுதான் மொதல் எதிரி. ராத்திரி பிளாஸ்டிக் மூடி போட்டு ஒட்டி விடுங்க. தலைக்குத் தண்ணி வாக்கறது டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம், கழுத்துக்குக் கீழ வாத்துக்கலாம். கட்டுத்தரை, சாணி, மஞ்ச பாலிஷ் போடற எடம் இதெல்லாம் ஆகவே ஆகாது. முக்கியமா வீட்ல பெரியவங்க யாராச்சும் வெளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூன்னு எடுத்துட்டு வருவாங்க, வாசல்லயே நிறுத்திருங்க. சொட்டு மருந்து ஊத்தறதுக்கு முன்னால சோப்புல கை கழுவுங்க, பாட்டில் மொனை இமைல படக்கூடாது. வலி கொறையாம ஏறுச்சுன்னா, தெரிஞ்சிட்டு இருந்த பார்வை மங்குச்சுன்னா, பீளை தள்ளுச்சுன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரியே கூட்டிட்டுப் போங்க.

ரத்தம் எளகற மாத்திரை, ஆஸ்பிரின் ஏதாச்சும் போடறாருன்னா சொல்லிருங்க, நீங்களா நிறுத்த வேண்டாம். காப்பீட்டு அட்டைல வருமான்னு அட்மிஷனுக்கு முன்னாலயே கவுண்டர்ல கேட்டுக்கங்க.

பவானி பொன்ஸ்:

சுகரைக் கொறைங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். எனக்கு ரெண்டாவது கண்ணு போனதே மொத கண்ணுக்கு பண்ணிட்டோமேன்னு தைரியமா இருந்துட்டதுனாலதான். அப்பாவோட இன்னொரு கண்ணுக்கு லேசர் வேணுமான்னு இப்பவே கேட்டுருங்க.

நாமக்கல் லாரி:

நடுவுல வந்து கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. என்ற தம்பிக்கு சுகர் எல்லாம் இல்ல, 29 வயசு, சின்ன வயசுல இருந்தே மைனஸ் 11 பவர், விழித்திரை கிழிஞ்சு பிரிஞ்சிருச்சுன்னு நாளைக்கே ஆபரேஷன்ங்கறாங்க. அவனுக்கும் தையல் இருக்காதுங்களா? முடிஞ்சு எத்தனை நாள்ல வண்டி ஓட்டலாம்?

ரெட்டினா பையன்:

மைனஸ் 11ன்னா கண்ணு நீளமா வளந்து வெள்ளை முழி மெல்லிசா இருக்கும்ங்ணா, அதுல சாய்ச்சுப் போட்டாலும் சுரங்கத்துக்கு போதுமான கனம் இருக்காது, ஒழுக வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால தையல் போட்டா ஆச்சரியப்படாதீங்க. சின்ன வயசுன்னா விட்ரெக்டமி இல்லாம வெளிய இருந்து சிலிக்கான் பட்டை கட்டி சரி பண்ற பக்கிள் முறையும் இருக்குது, அதுக்கு தையல் கண்டிப்பா உண்டு. ரெண்டுல எதுன்னு டாக்டர்தான் சொல்லணும், கிழிசல் எங்க இருக்குதுங்கறதைப் பொறுத்தது. நாளைக்கேன்னு சொல்லிருக்காங்கன்னா நடுப் பார்வை இன்னும் போகலைன்னு அர்த்தமா இருக்கலாம், தள்ளிப் போடாதீங்க, நல்ல நாள் பாக்க வேண்டாம்.

வண்டி விசயம், கேஸ் வெச்சாங்கன்னா அது கரையற வரைக்கும் அந்தக் கண்ணுல சரியா தெரியாது, தூரம் கணக்கு தப்பும். பைக்கே வேண்டாம். லோடு வண்டின்னா டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் ஸ்டியரிங்ல உக்காரக் கூடாது, கிளீனராக் கூட கூட்டிட்டுப் போவாதீங்க, நீங்க பெங்களூர் லைன்ல ஓட்டறதா இருந்தா அந்த ஊரே 900 மீட்டருக்கு மேல இருக்குது, தொப்பூர் ஏறி ஓசூர் போறதுக்குள்ளயே கேஸ் விரிய ஆரம்பிச்சிரும்.